பட்டியலில் இல்லாத பதினான்கு பேர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு மூன்று வாரங்கள் இருந்த ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் காஹாங் வட்டாரத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியின் மண்டபத்தில் நடந்தது இது. அன்று நான் அங்கே அறிவுரை சொல்லப் போயிருந்தேன். திரும்பும்போது என்னிடம் அறிவுரை எதுவும் மிச்சமில்லை.

நான் கணினி அறிவியல் பட்டதாரி. செனாய்க்கு அருகே ஒரு தரவு மையத்தில் பொறியாளராக இருக்கிறேன். கடந்த சில ஆண்டுகளில் ஜொகூரில் இத்தகைய மையங்கள் எவ்வளவு வேகமாக எழும்பியிருக்கின்றன என்பதை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நேற்றுவரை செம்பனை நின்ற இடத்தில் இன்று சன்னல் இல்லாத பெருங்கட்டடம் நிற்கிறது. செயற்கை நுண்ணறிவின் காலம் நம் வாசலுக்கே வந்துவிட்டது என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கோ ஒரே கேள்விதான். அந்தக் கட்டடத்தின் வேலிக்கு வெளியே வளரும் பிள்ளைகள் நாளை அதற்குள் எந்த வேலைக்குப் போவார்கள்? புல் வெட்டவும் காவல் காக்கவும் மட்டுமா?

இந்தக் கேள்விதான் என்னை ஒரு தன்னார்வக் குழுவில் சேர்த்தது. இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடிக்கும் மாணவர்களுக்கு விடுமுறையில் இரண்டு வாரம் நிரலாக்கப் பயிற்சி முகாம் நடத்தும் குழு அது. எந்த இனத்தவரும் சேரலாம். இடங்கள் முப்பது. அதற்கு முந்தைய ஆண்டு, தாள் விண்ணப்பங்களை வைத்துத் தேர்வு செய்தபோது, தெரிந்தவர் பிள்ளைகளுக்கே இடம் கொடுத்துவிட்டதாகப் பலர் குறைபட்டார்கள். அந்தக் குறை மறுபடியும் எழக்கூடாது என்று நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். இணையத்தில் ஒரு படிவம். அதிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் பெற்று, ஒப்புதல் மின்னஞ்சல் அனுப்பி, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமித்து, பெயரை மறைத்து, எண் மட்டும் இட்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பும் ஒரு நிரல். மதிப்பிடுகிறவருக்கு விண்ணப்பித்தவர் தமிழரா, மலாய்க்காரரா, சீனரா, பணக்காரரா என்று எதுவும் தெரியாது. இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்பினேன். நிரலின் பாதியைச் செயற்கை நுண்ணறிவு உதவியோடு ஒரே மாலையில் எழுதி முடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முடிவு வந்தபோது முப்பது பேரில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டே பேர். இருவரும் ஜொகூர் பாரு நகரத்தவர்கள். குளுவாங், காஹாங், மூவார் பக்கங்களிலிருந்து ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை. வந்துசேர்ந்த விண்ணப்பங்களின் முழுப் பட்டியலிலும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு வியப்பாகவே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. நம் ஆட்கள் இப்படித்தான், தகவல் கொடுத்தாலும் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்று நானே ஒரு காரணத்தையும் சொல்லிக்கொண்டேன்.

அந்த மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடக்கவிருப்பதை அறிந்து, அடுத்த ஆண்டாவது விண்ணப்பியுங்கள் என்று எடுத்துச் சொல்ல நேரம் கேட்டேன். தலைமையாசிரியை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். பள்ளியின் முன்னாள் மாணவர்களில் மூன்றாம் படிவத்தில் படிக்கிறவர்களையும் பெற்றோரோடு வரச் சொல்லியிருந்தார். என்னுடன் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும், முகாமில் பாடம் எடுக்கவிருந்த நண்பர் ஒருவரும் காரில் வந்தார். வழியில் பட்டியலைக் கைப்பேசியில் மேலும் கீழுமாக இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

“ரெண்டே பேருதானா? சரியா பார்த்தியாலா?”

“மிஷினு பொய் சொல்லாது.”

“மிஷினு சொல்லாது. எழுதுனவங்க சொல்லுவாங்க.”

நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். தேர்வானவர்களின் பட்டியலைச் சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டினேன். “இதுல இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க ஒருத்தர்கூட இல்ல. கட்டணம் இல்ல, சாப்பாடு உண்டு, பஸ் உண்டு. அப்படியும் யாரும் விண்ணப்பிக்கல. ஏன்?” என்று கேட்டேன். சற்றுக் கடுமையாகத்தான் கேட்டேன். நல்ல எண்ணத்தோடு கடுமையாக இருப்பதில் தவறில்லை என்பது அன்றைய என் கொள்கை.

முன்வரிசையில் ஒருவர் தரையைப் பார்த்தார். நான் அடுத்த பக்கத்துக்குப் போக இருந்தபோது மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். வயது நாற்பதுக்குச் சற்று மேல் இருக்கும். குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, சீருடையோடு நேராக வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகள். தாயின் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுப் புள்ள போட்டுச்சு.”

“போட்டிருந்தா வந்திருக்குமேக்கா. கடைசியில அனுப்புற பட்டனை அழுத்தாம விட்டிருப்பாங்க. நிறைய பேரு அப்படித்தான்.”

“அழுத்தாமயா, உங்க விண்ணப்பம் கிடைச்சதுன்னு எங்களுக்கு மெயில் வந்துச்சு?”

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கைப்பேசியை நீட்டியபடி வரிசையை விட்டு வெளியே வந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், “நம்மளுக்கும் வந்துச்சுலா” என்றார். இன்னொரு மூலையிலிருந்து ஒரு பெண்மணி, “எங்க பையனுக்கும்தான். நாங்கதான் மார்க் பத்தலன்னு நெனைச்சு சும்மா இருந்துட்டோம்” என்றார்.

நண்பர் என் காதருகே குனிந்து, ஐயையோ என்பதற்கான மலாய்ச் சொல்லால், “அலமாக்” என்று மட்டும் சொன்னார்.

நான் அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். என் நிரல் அனுப்பிய மின்னஞ்சல்தான். நான் எழுதிய அதே வாசகம், குழுவின் அதே முகவரி. விண்ணப்பத்தில் அவருடைய மகள் எழுதியிருந்த பதில்கள் முழுவதும் அடியில் நகலாக இருந்தன. பெயர், தந்தையின் பெயர், பள்ளி எல்லாம் சரியாக இருந்தன. அனுப்பியது உண்மை, கிடைத்ததும் உண்மை. என் பட்டியலில் மட்டும் அவள் இல்லை.

தலைமையாசிரியை நிலைமையைப் புரிந்துகொண்டு பள்ளிச் செய்திகளைப் பேச ஆரம்பித்தார். நான் மேடையின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்து நிரலைப் பார்க்கலானேன். சற்று நேரத்தில் அந்த மாணவி வந்து அருகில் நின்றாள். பதினைந்து வயது. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, பிறகு, “கோடிங்க நான் பார்க்கலாமா மிஸ்?” என்றாள். கைப்பேசியிலேயே பாடங்களைப் பார்த்து நிரல் எழுதக் கற்றவள் என்று பின்னால் தெரிந்தது. நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தேன். மறுக்கும் தகுதி அந்த நிமிடத்தில் எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அவளுடைய விண்ணப்பத்தை நிரலுக்குள் மறுபடியும் செலுத்தினேன். ஒப்புதல் மின்னஞ்சல் போனது. கோப்பு உருவாகவில்லை. பிழை என்றும் எதுவும் வரவில்லை. அவள் திரையில் விரல் வைத்து ஓரிடத்தைக் காட்டினாள்.

“இது என்னா மிஸ்? பிழை வந்தா ஒன்னும் செய்யாம அடுத்ததுக்குப் போன்னு இருக்கு.”

“ஒரு விண்ணப்பத்துல கோளாறு வந்தா மொத்தமும் நின்னுடக்கூடாதுல்ல, அதுக்குத்தான்.”

“அப்ப அந்த ஒன்னு என்னாகும்?”

அந்த வரியின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“இத நீங்க எழுதினீங்களா, ஏஐ எழுதுச்சா?”

“ஏஐ எழுதுச்சு. நான் படிச்சுப் பார்த்தேன்.”

“படிச்சுப் பார்த்தீங்களா?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதில் குத்தல் எதுவுமில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால்தான் சுருக்கென்றது.

அந்த வரியை நீக்கிவிட்டு மீண்டும் ஓடவிட்டேன். இப்போது பிழை தெரிந்தது. மலேசியத் தமிழர்கள் பலரின் அடையாள அட்டையில் தம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே, மகன் அல்லது மகள் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம் இருக்கும். ஆணுக்கு ஏ, எல். பெண்ணுக்கு ஏ, பி. இரண்டு எழுத்துகளுக்கும் இடையில் ஒரு சாய்கோடு. என் நிரல் ஒவ்வொரு கோப்புக்கும் விண்ணப்பித்தவரின் முழுப் பெயரையே பெயராக வைத்தது. கணினிக்கோ சாய்கோடு என்றால், முன்னால் இருப்பது ஓர் உறை, பின்னால் இருப்பது அந்த உறைக்குள் உள்ள கோப்பு என்று பொருள். அப்படியோர் உறையைத் தேடி, காணாமல், சேமிக்க முடியாது என்று அது ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறது. சொன்னதைக் கேட்காதே என்ற கட்டளையை நான் அனுமதித்திருந்தேன்.

நண்பர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார். “உன் ஐசிலயும் அந்தக் கோடு இருக்குதானே? உன் பேரப் போட்டு டெஸ்ட் பண்ணலையா?”

பண்ணியிருந்தேன். அங்கேதான் என் தவறின் வேர் இருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து விமானச் சீட்டோ, வங்கியோ, சிங்கப்பூர் நிறுவனத்தின் வேலை விண்ணப்பமோ, எந்த இணையப் படிவத்தில் பெயரை இட்டாலும் சாய்கோட்டை ஏற்காமல் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வரும். ஓரிரு முறை எரிச்சல்பட்டேன். பிறகு கோட்டை விட்டுவிட்டு எழுதப் பழகிக்கொண்டேன். அப்படி விடுவதை உணராத அளவுக்குப் பழகிவிட்டேன். என் நிரலைச் சோதித்தபோதும் விரல்கள் அப்படியே அடித்தன. தேர்வான அந்த இரண்டு நகரப் பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தேன். அவர்களும் என்னைப் போலவே கோட்டை விட்டு எழுதியிருந்தார்கள். ஆனால் என் படிவத்தின் உச்சியில், ‘அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை எழுதவும்’ என்று நானே கட்டளை இட்டிருந்தேன். அதை மதித்து எழுத்துக்கு எழுத்து எழுதியவர்களே காணாமல் போனார்கள். மதிப்பீட்டாளர்களுக்குப் பெயர்கள் தெரியாது என்பதால் எவையோ குறைகின்றன என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. பாகுபாட்டைத் தடுக்க நான் கட்டிய ஏற்பாடு, நடந்த பாகுபாட்டை நன்றாக மறைத்துக் கொடுத்திருந்தது.

ஒப்புதல் மின்னஞ்சல்களையும் சேமித்த கோப்புகளையும் ஒப்பிட்டபோது பதினான்கு விண்ணப்பங்கள் விடுபட்டிருந்தன. பன்னிரண்டு பேர் தமிழர்கள். மீதி இருவர், தம் பெயர்களிலும் இதே சாய்கோட்டைக் கொண்டிருக்கும், பூர்வகுடியினரான ஓராங் அஸ்லி பிள்ளைகள். காட்டோரக் கிராமத்திலிருந்து கணினிப் பயிற்சிக்கு விண்ணப்பித்த இரண்டு பேர். அவர்கள் வராததையும் நான் இயல்பாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாணவி விடுபட்ட பதினான்கில் தன் பெயரைத் தேடிக் கண்டாள். பிறகு கேட்டாள்.

“அப்போ, என்னை வேண்டாம்னு யாரும் சொல்லல. அப்படித்தானே மிஸ்?”

“யாரும் சொல்லல. உன் விண்ணப்பத்தை யாரும் பார்க்கவே இல்ல.”

அவள் திரும்பித் தாயிடம் ஓடினாள். அவர்கள் பேசியதிலிருந்து மிச்சக் கதை எனக்குத் தெரிந்தது. அவள் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் கணினி அறிவியல் பாடம் இல்லை. அதைப் படிக்க வேண்டுமென்றால் நான்காம் படிவத்துக்குக் குளுவாங்கில் உள்ள வேறொரு பள்ளிக்கு மாற வேண்டும். மாற்ற விண்ணப்பத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். முகாமில் இடம் கிடைத்தால் மாறலாம், கிடைக்காவிட்டால் தனக்கு அவ்வளவு திறமை இல்லை என்று பொருள் என அவள் தனக்குள் முடிவு கட்டியிருந்தாள். பட்டியல் வெளிவந்த நாளே அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

“இப்பவும் இடம் கெடைக்குமான்னு தெரியாதுல்ல?” என்று தாய் கேட்டார்.

“தெரியாது. ஆனா பள்ளி மாறுறதுக்கு அது வேணாம்மா,” என்றாள். தாளை எடுத்து நாற்காலியின் மேல் விரித்து, மண்டியிட்டு நிரப்ப ஆரம்பித்தாள். தாய் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்று, கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை வாங்கிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “தங்கச்சி, நீங்க மைக்குல சொன்னத மைக்குலயே சரிபண்ணிடுங்க” என்றார்.

சொன்னேன். வாழ்க்கையில் நான் பேசிய பேச்சுகளில் அதுவே மிகச் சிறியது. நீங்கள் விண்ணப்பித்தீர்கள், நான் தொலைத்தேன், கேட்காமலே உங்கள்மேல் பழி போட்டேன், மன்னியுங்கள் என்றேன். சுவரில் அந்தப் பட்டியல் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. நண்பர்தான் போய் அணைத்தார்.

அன்று பிற்பகலே முகாமின் ஒருங்கிணைப்பாளரான மலாய்க்காரப் பெண்மணியைப் போய்ப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். பட்டியல் வெளியாகிவிட்டது, யாரையும் நீக்க முடியாது, கணினிக் கூடத்தில் முப்பது இருக்கைகள்தான் என்றார். மூன்றும் நியாயம். நானும் இரண்டு வழிகளை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பேருக்கும் இடம் கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. அது கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளை இரக்கத்தால் சேர்க்கப்பட்டவர்களாக ஆக்கிவிடும். மற்றவர்களை எப்படி மதிப்பிட்டோமோ அப்படியே இவர்களையும், பெயரில்லாமல், அதே மதிப்பீட்டாளர்கள் மதிப்பிடட்டும். தகுதி பெறுகிறவர்கள் எத்தனை பேராயினும் அத்தனை இருக்கை கூட்டுவோம் என்பது இன்னொன்று. அதைத்தான் கேட்டேன். கூடுதல் மடிக்கணினிகளை என் அலுவலகத்தில் கடன் கேட்டு வாங்குவது என் பொறுப்பு என்றேன்.

அவர் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, பதினான்கு குடும்பங்களுக்கும் கடிதம் நான் எழுத வேண்டும்.

முதல் வரைவில், ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கினேன். எழுதி முடித்துப் படித்தபோது அந்தச் சொற்றொடரில் ஆளே இல்லை என்பது உறைத்தது. செயற்கை நுண்ணறிவு எழுதிய வரி என்று சேர்க்கலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. பொய்யில்லைதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டவள் நான். நாளை மருத்துவமனையிலும் வங்கியிலும் நீதிமன்றத்திலும் நிரல்கள் முடிவெடுக்கப் போகும் காலத்தில், இயந்திரம் செய்தது என்று ஒதுங்கிக்கொள்ளும் பொறியாளர்களின் வரிசையில் முதல் ஆளாக நிற்க எனக்கு விருப்பமில்லை. அழித்துவிட்டு, ‘இந்த நிரலை உருவாக்கியவள் நான். உங்கள் பிள்ளையின் பெயரை அது கையாளுமா என்று நான் சோதிக்கவில்லை’ என்று எழுதினேன்.

பதினான்கு பேரில் ஆறு பேர் தகுதி பெற்றார்கள். மழை நாட்களில் தோட்டத்துப் பள்ளிப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதமாகும் என்று மூன்று மாதம் குறித்துவைத்து, அதைக் கணிக்கக் கைப்பேசியிலேயே ஒரு சிறு நிரல் எழுதியிருந்த அந்தக் காஹாங் மாணவி அவர்களில் ஒருத்தி. ஓராங் அஸ்லி பிள்ளைகளில் ஒருவனும் இருந்தான். எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தகுதி பெற்ற மூவார் மாணவி ஒருத்தியைத் தொலைபேசியில் அழைத்தபோது, “பரவால்ல மிஸ், நான் வணிகப் பிரிவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். அதுக்கே மனச மாத்திக்கிட்டேன்” என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு நான் எந்த இருக்கையையும் கூட்ட முடியவில்லை. அந்தக் குரலை நான் மறக்கப் போவதில்லை.

காஹாங் மாணவி இப்போது குளுவாங்கில் ஐந்தாம் படிவத்தில் கணினி அறிவியல் படிக்கிறாள். கடந்த ஆண்டு முகாமில் உதவியாளராக வந்தாள். நிரலைச் சோதிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தோம். சாய்கோடு, மேற்கோள் குறி, ஒரே சொல்லில் அடங்கும் பெயர், ஐந்து சொற்களில் நீளும் பெயர் என்று தேடித் தேடி எழுதிப் போட்டு அதைத் திணறடித்தாள்.

நிரல்களை நான் இன்னும் நம்புகிறேன். அவற்றைக் கொண்டு நம் பிள்ளைகளுக்கு நல்லது செய்ய முடியும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, ஒரு பட்டியலில் யாரோ இல்லாமல் போயிருப்பது எனக்கு வியப்பைத் தராதபோதெல்லாம், காரணத்தை நானே கற்பித்துக்கொள்ளாமல், எழுந்து போய் அவர்களையே கேட்டுவிட்டு வருகிறேன்.